கதவு மூடினால் புறப்பாடு

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் நான் அதிகம் பயன்படுத்திய கருவி ஸ்பானரும் அல்ல, திருப்புளியும் அல்ல. "கிளம்பிட்டேன்" என்ற ஒரு வார்த்தைதான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு யாராவது போன் செய்வார்கள். நான் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். நுரையைத் துப்பிவிட்டு, "கிளம்பிட்டேங்க, அஞ்சு நிமிஷத்துல இருப்பேன்" என்பேன். இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மாட்டிக்கொண்டவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு தெம்பு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடுவார். மறுபடி தெம்பு கொடுப்பேன்.

இந்தத் தெம்பை என் அக்காவுக்கும் ஒருமுறை கொடுத்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா கூப்பிட்டாள். நான் ஒரு லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றிருந்தேன். "கிளம்பிட்டேன்க்கா" என்றேன். அத்தான் அரை மணிக்கு ஒரு தரம், "மச்சான் எங்க வந்துட்டிருக்கான்?" என்று கேட்டாராம். அக்கா ஒவ்வொரு தரமும் "கிளம்பிட்டானாம்" என்று சொன்னாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. "இனிமே என்கிட்ட மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாத" என்றாள். அவள் முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள். ஊரார் சொன்ன பொய்யெல்லாம் அவள் காது வழியாகத்தான் போயிருக்கிறது.

இப்போது அக்காவுக்கே வயிற்றில் ஒரு கட்டி. மாதக் கடைசி நாள், மாலை நாலு மணிக்கு அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்தார்கள். "டாக்டர் நல்லவர்தான். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியை ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்" என்றாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை.

அவள் ஊருக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வாழ்க்கையில் இந்த ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நினைத்து விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். காலை ஒன்பது பத்துக்கு ஏறினால் பத்து ஐந்துக்கு இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. முன்பு அந்த ஊருக்கு நாளுக்கு இரண்டே விமானம். இப்போது பதினொன்று என்று எங்கள் தெருமுனையில்கூடப் பலகை வைத்திருந்தார்கள். பலகையில் இருந்த பெண் பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்து வாசலிலேயே சோதனை செய்தவர் என் பையிலிருந்து ஸ்பானர், திருப்புளி, இடுக்கி எல்லாவற்றையும் எடுத்து ஒரு தொட்டியில் போட்டார். கடைசியில் ஒரு ஆப்புக்கட்டை வந்தது. லிஃப்ட் கதவு மூடிவிடாமல் அடியில் வைக்கிற சாதாரண மரக்கட்டை. எப்போதும் பையில் கிடக்கும்.

"இது எதுக்கு?" என்றார்.

"கதவு மூடாம இருக்கிறதுக்கு."

அவர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தார். கத்தி இருந்தது, பட்டாசு இருந்தது, பாதரசம் இருந்தது. கட்டை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து பெரிய விமான நிறுவனத்தின் மேசைக்குப் போனேன். அங்கே நீலத் துணி கழுத்தில் கட்டிய பெண் என் டிக்கெட்டைப் பார்த்தாள். "டிக்கெட் எங்களோடது சார். ஆனா விமானம் எங்களோடது இல்ல. நாங்க தாய் நிறுவனம். உங்க ஊருக்குப் போறது சேய் நிறுவனம். பக்கத்து மேசைக்குப் போங்க" என்றாள். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. நான் போய் நின்றதும் அவளே எழுந்து வந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினாள். மறுபக்கம் பச்சை. "வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றாள்.

"இப்பத்தானேம்மா சொன்னேன்."

"அது தாய்கிட்ட சொன்னீங்க சார். இது சேய். டிக்கெட்டைக் காட்டுங்க. ஓ, இது எங்க டிக்கெட் இல்லையே."

இரண்டு மேசைக்கும் நடுவில் நான் நாலு தடவை நடந்தேன். அவளும் நடந்தாள். நாலாவது தடவை சீட்டு கிடைத்தது. அவசரத்துக்குத் தகவல் சொல்ல யார் நம்பர் என்று கேட்டாள். அக்கா நம்பரைக் கொடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

விமானம் சின்னது. நாற்பத்தெட்டு இருக்கை, கதவே கீழே மடிந்து படியாகிவிடும். என் பக்கத்தில் ஒரு விதை வியாபாரி. சொந்தத் தலையணை, ஒரு கூஜா தண்ணீர், ஒரு விசிறி எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஐம்பத்தைந்து நிமிடப் பயணத்துக்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாக ஒன்பது பத்துக்குக் கதவு மூடியது. பணிப்பெண் பெல்ட் எப்படிப் போடுவது என்று கையை ஆட்டிக் காட்டினாள். ஒரு இழுவை வண்டி எங்களைப் பின்னால் தள்ளியது. பத்தடி போயிருப்போம். நின்றது. வெளியே சட்டைக்கு மேல் மஞ்சள் பனியன் போட்ட நாலு பேர் கைதட்டினார்கள். ஒருவர் அட்டையில் ஒரு கோடு போட்டார். பிறகு அதே வண்டி எங்களை முன்னால் இழுத்து, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. கதவு திறந்தது.

ஏதோ பழுது என்று நினைத்தேன். தொழில்காரனுக்கு அப்படித்தான் தோன்றும். அப்போது போன் ஒலித்தது. செய்தி: "அன்புள்ள பயணியே, நீங்கள் குறித்த நேரத்தில் இனிதே புறப்பட்டுவிட்டீர்கள்."

"புதுசா?" என்றார் விதை வியாபாரி.

"என்னங்க இது?"

"பழகிடும்" என்று சொல்லிவிட்டுத் தலையணையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பத்து ஐந்துக்கு இன்னொரு செய்தி. "நீங்கள் நலமாக வந்திறங்கிவிட்டீர்கள். எங்களோடு பறந்ததற்கு நன்றி." கூடவே ஒரு படிவம்: உங்கள் பயணம் எப்படி இருந்தது? விதை வியாபாரி 'மிக நன்று' என்று அழுத்தினார். 'மோசம்' என்று அழுத்தினால் ஏன் மோசம் என்று முப்பது கேள்வி வருமாம்.

ஆறாவது நிமிடம் அக்கா கூப்பிட்டாள். "என்னடா, இறங்கிட்டியாமே? எனக்கு மெசேஜ் வந்துச்சு."

"இல்லக்கா, இன்னும் இங்கதான் இருக்கேன்."

"எங்க?"

"விமானத்துக்குள்ள. அது போகலை."

ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது. "என் வார்டு ஜன்னல்லேருந்து ஏர்போர்ட் தெரியுது. ஃப்ளைட் நிக்குது. கதவு திறந்திருக்கு. நீ எங்கடா இருக்க?"

"அக்கா, சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் வேண்டாம். வரப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். முப்பது வருடம் பொய்யைக் கேட்ட காது, என் வாழ்வில் நான் சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்று முடிவு கட்டிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. யாரிடம் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "அம்மா, நான் இறங்கணும்."

"நீங்க இறங்கிட்டீங்களே சார். பத்து அஞ்சுக்கு."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"இப்ப நீங்க உக்காந்திருக்கிறது பத்து இருபது விமானத்துல சார்" என்று புதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். அதே இருக்கை. "ஒன்பது பத்துல வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

சுற்றிப் பார்த்தேன். போனவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பத்து இருபதுக்கு மறுபடி கதவு மூடியது. மறுபடி பெல்ட் பாடம், மறுபடி பத்தடி, மறுபடி கைதட்டல். பசித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கிற விமானத்தில்தான் சாப்பாடு தருவார்களாம். இது ஒவ்வொன்றும் ஐம்பத்தைந்து நிமிடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரி நிறுவனத்தின் சின்ன விமானங்களும் அடுத்த வரிசையில் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தன. அவர்கள் எட்டடிதான் தள்ளினார்கள். எங்கள் நிறுவனம் தரத்தில் ஒரு படி மேல் என்று விதை வியாபாரி சொன்னார்.

அந்த நேரம் பார்த்து என் பழைய வாடிக்கையாளரான வக்கீலம்மா கூப்பிட்டாள். அவள் ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டதாம். உள்ளே அவளுடைய கேஸ் கட்டுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. "மெக்கானிக், கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேம்மா, வழியிலதான் இருக்கேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

பதினொன்று முப்பதுக்கு மூன்றாவது தடவை புறப்பட்டேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மூன்றாவது தடவை 'இறங்கிய' கையோடு, கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் படியேறி உள்ளே வந்தார். மார்பில் 'மைய விரிவாக்கம்' என்று பட்டை. கை கூப்பினார். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பயணிகளே, இன்னிக்கு மாசக் கடைசி. இந்த நிலையத்துல புதுசா கட்டின கட்டடத்துல பன்னிரண்டு வாசல் இருக்கு. எந்த நிறுவனம் இந்த மாசம் அதிகமா புறப்பட்டதோ, அதுக்குத்தான் அந்த வாசல். கதவு மூடி, சக்கரம் நகர்ந்தா ஒரு புறப்பாடு. சட்டம் அவ்வளவுதான் சொல்லுது. பறக்கணும்னு எங்கயும் சொல்லலை. நானே மூணு தடவை படிச்சேன்." அவர் தொண்டையைச் செருமினார். "பெரிய விமானத்துல இருநூறு பேரை ஏத்தினா ஒரு புறப்பாடு. அதே இருநூறு பேரை நாலு சின்ன விமானத்துல பிரிச்சா நாலு. சேய் நிறுவனங்களை அதுக்குத்தான் பெத்தோம். ஆனா போன விமானம் திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகுது. அந்த ரெண்டு மணி நேரம் வாசல் சும்மா கிடக்கும், எதிரி கண்ணு போடுவான். அப்பத்தான் யோசிச்சோம். போனாத்தானே திரும்பணும்?"

முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"பறக்கிறதைக் காக்காகூடப் பண்ணிடும். புறப்படுறது ஒரு பெரிய நிறுவனத்தாலதான் முடியும்" என்று முடித்தார்.

நான் எழுந்தேன். "ஐயா, இங்க புறப்பட்டது சரி. அங்க எப்படி இறங்கினேன்?"

"நல்ல கேள்வி. அந்த ஊர்ல நம்ம விமானம் ஒண்ணு நிக்குது. இங்க கதவு மூடி அம்பத்தஞ்சாவது நிமிஷம் அங்க கதவு திறக்கும். ஒரு தடவைகூடத் தாமதமானதில்ல."

"ஐயா, நாலு மணிக்கு எங்க அக்காவுக்கு ஆபரேஷன். எனக்கு அங்க போகணும்."

"நீங்க மூணு தடவை போயிட்டீங்களே" என்றார் அன்பாக. "அக்காமேல இவ்வளவு பாசமா இருக்கிறவரை நான் பாத்ததில்ல." பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அட, மூணு பயணம் முடிஞ்சிருச்சு. நீங்க இப்ப வெள்ளிப் பயணி. உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. எல்லாருக்கும் முன்னாடி நீங்கதான் ஏறணும்."

"நான் ஏற்கெனவே உள்ளதானே இருக்கேன்?"

"அதனாலதான் ஒரு தரம் வெளிய வந்துட்டு ஏறணும்."

என்னைப் படியின் மேல்தட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். வெயிலும் காற்றும் முகத்தில் பட்டன. விட்டேன் சவாரி என்று ஒரு படி இறங்கினேன். கீழே நின்றிருந்த மஞ்சள் பனியன்காரர் என் நெஞ்சில் கையை வைத்தார். முரட்டுத்தனம் இல்லை; குழந்தையைத் தடுக்கிற மாதிரிதான். "சார், இறங்கினவங்க பட்டியல்ல உங்க பேர் ஏற்கெனவே இருக்கு. ரெண்டு தடவை இறங்கினா எனக்கு வேலை போயிடும்."

திரும்பி ஏறினேன். ஏறும்போது கதவும் தரையும் சேர்கிற இடம் கண்ணில் பட்டது. லிஃப்ட் கதவு மாதிரியேதான். நாலு விரல் இடுக்கு. இருபத்தாறு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற இடுக்கு அது. அதுவரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது ஓடியது. போய்ப் பையை எடுத்து வந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து கட்டையை அதில் செருகி, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

பன்னிரண்டு முப்பத்தாறுக்குப் பணிப்பெண் கதவை மூட வந்தாள். பாதியில் நின்றது. அழுத்தினாள். மஞ்சள் பனியன்காரர் கீழிருந்து தள்ளினார். விமானி வந்து இழுத்தார். முப்பத்தேழு ஆயிற்று. நான் கட்டையின் மேல் கால் வைத்து நின்றேன்.

அதிகாரி ஓடிவந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "என்ன இது? நாற்பதுக்குக் கதவு மூடலைன்னா தாமதம். ஒரு தாமதம் விழுந்தா இன்னிக்குப் புறப்பாடு அத்தனையும் கழிஞ்சிடும். நூத்து எண்பத்தாறு புறப்பாடு."

"கட்டையை எடுக்கிறேன். நான் இறங்கணும்."

"நீங்க ஏறியாச்சு, எங்க கணக்குல வானத்துல இருக்கீங்க. நடுவழியில இறங்க விதி இல்ல."

"நீங்கதானே விதியை மூணு தடவை படிச்சவரு. ஒண்ணு கண்டுபிடிங்க."

அவர் கண்டுபிடித்தார். அப்படிப்பட்டவர்கள் அவசரத்தில் எதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். 'பயணத்தின் நடுவே பயணி தன் விருப்பப்படி வெளியேறுதல்' என்று ஒரு படிவம். அதில் விமானி கையெழுத்துப் போட வேண்டும். தற்போதைய உயரம் என்ற இடத்தில் விமானி 'நாலடி' என்று எழுதினார். வெளியேறத் தகுந்த உயரமா என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினார். இளவயசுக்காரர். எழுதிக்கொண்டே என் காதருகில், "கட்டையை ஒரு நிமிஷம் மெதுவா எடுங்க சார். ஏழு மாசமா இந்தக் கதவு வழியா இவ்வளவு காத்து வந்ததில்ல" என்றார்.

இறங்குமுன் விதை வியாபாரியைக் கூப்பிட்டேன். "வாங்க, பஸ்ல போயிடலாம்."

"சாயங்காலம் ஒண்ணு நிஜமாவே போகும்கிறாங்க. இவ்வளவு நேரம் உக்காந்துட்டு இப்ப எழுந்தா அது வீண்தானே? அதோட இன்னும் ஒண்ணு புறப்பட்டா நான் தங்கப் பயணி" என்றார். மற்ற நாற்பத்தாறு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் கட்டையோடு கீழே வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. கைதட்டல் கேட்டது.

பஸ் ஒன்றே காலுக்குக் கிடைத்தது. அக்காவைக் கூப்பிட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள். நான் ஒன்றும் சொல்வதற்குள் கண்டக்டர், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்று கத்தினார்.

"பஸ்ஸா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"எத்தனை மணி ஆகும்?"

வாய் 'இதோ' என்று ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஆறே கால். நாலு மணிக்குள்ள வர முடியாதுக்கா."

"சரிடா. உண்மையைச் சொன்னியே, அது போதும். காலையில அவ்வளவு கோவமா பேசிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "பயமா இருக்குடா. போனை வாங்கிக்கப் போறாங்களாம். வச்சுடறேன்."

ஐந்து மணி நேரம் நான் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அத்தானுக்கு ஒரு தரம், அக்காவுக்கு ஒரு தரம். இரண்டு பேரையும் காக்க வைத்தவன் நான்.

ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். அறுவை அரங்கின் வாசலில் ஒரு பெரிய திரை. அதில் அக்காவின் படுக்கை எண்ணுக்கு எதிரே பச்சை எழுத்து: 'தொடக்கம் 4.00. நிறைவு 5.40. வெற்றி. வீடு திரும்பினார் 6.05.' நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆனால் இம்முறையும் நான் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தள்ளுகட்டிலின் மேல் பச்சை அங்கி போட்டுக்கொண்டு காலைத் தொங்கவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள். "காலையிலேருந்து பச்சைத் தண்ணி இல்லடா. இவனுங்க என்னை நாலு தடவை உள்ள தள்ளி நாலு தடவை வெளிய இழுத்துட்டானுங்க."

நான் கீழே பார்த்தேன். அரங்கின் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் பனியனோடு ஒருவர் அட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

கட்டிலருகே நின்ற நர்ஸம்மாவுக்குப் பாவம், களைப்பு. "கட்டில் கோட்டைத் தாண்டி, கதவு மூடினா ஒரு ஆபரேஷன். மேல புதுசா ரெண்டு மாடி கட்டறாங்க. எந்தப் பிரிவு மாசக் கடைசிக்குள்ள அதிகம் காட்டுதோ அதுக்குத்தான் அந்த மாடி. விமான நிலையத்துலேருந்து ஒரு ஆலோசகர் வந்து சொல்லிக் கொடுத்தாரு" என்றாள்.

"டாக்டர் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்காரு. ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிட்டு ரெடியா நிக்கறாரு. கட்டில் வெளிய போயிடுது. இன்னிக்கு இருபது தடவை கழுவியிருக்காரு. தோல் உரிஞ்சு போச்சு." பிறகு மெல்லிய குரலில், "ஏழு மணிக்கு உங்க அக்காவை அஞ்சாவது தடவை தள்ளணும். வேற பேர்ல. அவங்க பேர்லதான் வீட்டுக்குப் போயிட்டாங்களே" என்றாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல நீ ஒருத்தன்தான் கிளம்பாம கிளம்பிட்டேன்னு சொல்லுவன்னு நினைச்சேன். இப்ப எல்லாருமே நீயாயிட்டாங்க" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தகுந்த அடிதான். வாங்கிக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நீ எங்க இருப்ப?"

"இங்கயே."

"கிளம்பிட மாட்டியே?"

"மாட்டேன்க்கா."

என் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு படுத்துக்கொண்டாள். கட்டில் கோட்டைத் தாண்டியது. கதவு மூடியது. மஞ்சள் பனியன்காரர் அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டு, கட்டிலை வெளியே இழுக்கக் கதவில் கை வைத்தார். திறக்கவில்லை. கதவின் அடியில் ஆப்புக்கட்டை இருந்தது. கட்டைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து, முதுகைக் கதவில் கொடுத்திருந்தேன்.

"என்னய்யா பண்ற? உள்ள டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, எல்லாரையும் அடைச்சு வைக்கிறியா?"

"அவங்க போக வர பின்கதவு இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதுக்குக் கோடு போடலியாம், அதனால அதுல கட்டில் போகாதாம். இந்தக் கதவு மூடியே இருக்கும். மூடினாத்தானே உங்களுக்குக் கணக்கு? வேலை முடிஞ்சு டாக்டர் தட்டினா நான் எழுந்திருக்கிறேன்."

வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொண்ட கதவைத் திறந்தவன் நான். மூடிவைத்து உட்கார்வது இதுவே முதல் தடவை. அவர் ஆஸ்பத்திரியில் தன் அதிகாரிக்குப் போன் செய்தார். அதிகாரி கூட்டத்தில் இருந்தாராம். மஞ்சள் பனியன்காரர் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாராம்.

என் போன் அடித்தது. வக்கீலம்மா.

"மெக்கானிக், காலையிலேருந்து கேக்கிறேன். நெசமாவே கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "கிளம்பலை. பஸ்ல அஞ்சு மணி நேரம் தள்ளி ஒரு ஊர்ல உக்காந்திருக்கேன். இப்போதைக்கு எழுந்திருக்க முடியாது. எப்ப கிளம்புவேன்னும் தெரியாது."

வக்கீலம்மா நான் சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். எதிர்த்தரப்பு திடீரென்று ஒப்புக்கொண்டால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்போல.

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் கடைசியில்.

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். தட்டில் ஒரு கத்தரிக்கோல் வைக்கிற சத்தம் கேட்டது. நான் முதுகை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கொடுத்து உட்கார்ந்தேன்.